பட்டாசு ஊரின் சினிமா காலண்டர்

நாட்டுக்கே பண்டிகைச் சாமான் செய்து அனுப்பும் சிவகாசி வட்டாரத்தில் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு படம் உண்டு, ஒரு பாட்டு உண்டு. ஆடியில் தொடங்கி சித்திரை வரை ஒரு சுற்று!

ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். அந்தப் பேச்சு சிவகாசியில் எடுபடாது. அந்த ஊரின் வருஷமே ஆடியில்தான் பிறக்கிறது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் அச்சகங்களில் பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுகிறார்கள். காவிரிக் கரையில் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதி விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதே நாளில் பட்டாசுக் கடைகளும் பூஜையை முடித்து தீபாவளி வியாபாரத்துக்குக் கதவைத் திறக்கின்றன.

தமிழ்க் குடும்பத்தின் பண்டிகைப் பட்டியல் சின்னது. புதுத்துணி, பலகாரம், பட்டாசு, புதுப்படம். துணிக்கும் பலகாரத்துக்கும் வேறு ஊர்கள் உண்டு. பட்டாசு என்றால் சிவகாசிதான். நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த வட்டாரத்துச் சரக்கு. புதுப்படம் கோடம்பாக்கத்திலிருந்து வந்தாலும், அது வருகிறது என்று ஊருக்குச் சொன்ன சுவரொட்டிகளில் கணிசமானவை சிவகாசி அச்சகங்களில் மை காய்ந்தவை. பண்டிகை எந்தக் கிழமை என்று சொல்லும் காலண்டரும் இங்கேயே அச்சாகிறது. ஆகவே, தமிழர்கள் ஒரு வருஷத்தைப் படம் பார்த்துக் கொண்டாடும் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

தீக்குச்சி கொண்டுவந்த அச்சகம்

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். மறு வருஷம் திரும்பிவந்து தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைவு, வெயில் அதிகம், விவசாயத்தை நம்ப முடியாது. பயிருக்கு ஆகாத அந்த வறட்சி தீக்குச்சி காய்வதற்குத் தோதாகப் போயிற்று. கலர் மத்தாப்புப் பெட்டி வந்தது. அதன் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சகம் வந்தது. லேபிள் அடித்த லித்தோ எந்திரத்தில் சாமி படமும் காலண்டரும் சினிமா போஸ்டரும் அடிக்கலாம் என்று கண்டுகொள்ள இந்த ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு பாராட்டியதாக ஊரே சொல்லும் பெயர் இப்படி வந்ததுதான்.

அந்தக் காலண்டர்களில் இருந்த சாமிகளை யார் வரைந்தார்கள்? பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும். கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவர் வரைந்த லட்சுமியும் முருகனும் நாடக மேடையில் நிற்பதுபோலவே முன்னால் பார்த்து நிற்பார்கள். பின்னால் தூண், தடாகம், மலை. தமிழ்ப் புராணப் படங்களும் அதே நாடக மேடையிலிருந்து வந்தவைதான். ‘திருவிளையாடல்’ எடுத்த ஏ.பி. நாகராஜன் நாடகத்தில் வளர்ந்தவர். திரையில் சிவாஜி கணேசன் சிவனாக வந்து நின்றபோது, காலண்டரில் தினமும் பார்த்த சாமியே எழுந்து வந்ததாக ஜனங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. காலண்டருக்கும் சினிமாவுக்கும் பாட்டனார் ஒருவரே.

ஆடி: மைக்செட் கட்டிய மாதம்

ஆடி வெள்ளிக்கிழமைகளில் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் முதலில் கிளம்புவது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சினிமாவில் துள்ளல் பாட்டுக்குப் பேர்போன அதே குரல் மாரியம்மன் சந்நிதியிலும் ஒலிக்கிறது. யாரும் அதில் முரண் பார்ப்பதில்லை. அம்மனுக்கு வேண்டியது குரலில் ஆவேசம். ஈஸ்வரியிடம் அது தாராளமாக இருந்தது.

கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, கரகாட்டம், அப்புறம் படம். 16 எம்.எம். புரொஜெக்டர் வைத்து, திரை கட்டி, மண்ணில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தது ஒரு காலம். எண்பதுகளில் அது டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பதாக மாறியது. முதல் படம் சாமி படம், இரண்டாவது எம்.ஜி.ஆர்., மூன்றாவது இளவட்டங்கள் கேட்ட படம் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மூன்றாவது படம் ஓடும்போது பெரியவர்கள் தூங்கியிருப்பார்கள்.

இராம நாராயணன் 1990-ல் ‘ஆடி வெள்ளி’ என்றே ஒரு படம் எடுத்தார். 2000-ல் ‘பாளையத்து அம்மன்’, ‘ராஜகாளி அம்மன்’ என்று அம்மன் படங்கள் வரிசை கட்டின. இன்றும் ஆடி பிறந்தால் தொலைக்காட்சிகள் இவற்றைத் தூசு தட்டி எடுக்கின்றன.

ஆயுத பூஜை: ஆட்டோ ஸ்டாண்டில் ‘பாட்ஷா’

புரட்டாசியில் ஆயுத பூஜை. தொழில் ஊருக்கு இதைவிடப் பெரிய பூஜை இல்லை. அச்சு எந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. லாரிக்கும் சைக்கிளுக்கும் பூமாலை. ஆட்டோ ஸ்டாண்டில் மட்டும் ‘பாட்ஷா’வின் ஆட்டோக்காரர் பாட்டு. 1995 பொங்கலுக்கு வந்த படம் அது. தேவா இசையில் எஸ்.பி.பி. பாடிய அந்தப் பாட்டு, ஒரு தொழிலாளிக் கூட்டத்தின் ஆயுத பூஜை கீதமாகி முப்பது வருஷம் ஆகிவிட்டது. எந்தக் கவிஞருக்கும் எந்த அரசுக்கும் திட்டமிட்டுச் செய்ய முடியாத காரியம் இது.

பட்டாசு ஆலைகளில் இந்த நாட்களில்தான் கடைசி நேர ஓட்டம். வட மாநிலங்களுக்குப் போக வேண்டிய லோடுகள் பெரும்பாலும் போயிருக்கும். தமிழ்நாட்டுக் கடைகளுக்கான சரக்கு ஏறிக்கொண்டிருக்கும். போனஸ் கைக்கு வரும் பருவம் இது.

தீபாவளி: ஒரே நாள், ஒரே கடிகாரம்

தீபாவளிக்குப் படம் பார்ப்பது எப்போது சடங்கானது? எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளி வரை ஓடியது. மூன்று தீபாவளி கண்ட படம் என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு. வெளியான சில வாரங்களில் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். நாயகன் சிறைக்குள், படம் தியேட்டருக்குள். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. சிவாஜி கணேசன் என்ற பெயரும் கலைஞர் கருணாநிதியின் வசனமும் ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன.

அப்புறம் ரஜினி - கமல் காலம். 1987-ல் ‘மனிதன்’, ‘நாயகன்’. 1991-ல் ‘தளபதி’, ‘குணா’. 1992-ல் ‘பாண்டியன்’, ‘தேவர் மகன்’. 1995-ல் ‘முத்து’, ‘குருதிப்புனல்’. கங்கா ஸ்நானம், இட்லி, கறிக்குழம்பு, வாசலில் ஒரு சரம், அப்புறம் தியேட்டர் வரிசை. வீட்டு வாசலில் கொளுத்தியது போக மிச்சத்தைத் தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்குக் கொளுத்துவது ரசிகர்களின் வழக்கம். பட்டாசுக்கும் படத்துக்கும் வியாபார உறவு அங்கேதான் முறைப்படி நிச்சயமானது. ஒரு நட்சத்திரத்தின் படம் எந்த மாதத்தில் வந்தாலும், முதல் காட்சி வாசலில் ஒரு குட்டித் தீபாவளி நடந்துவிடும்.

பெட்டி மேலும் சினிமாதான். லட்சுமி வெடி, குருவி வெடி, சங்குசக்கரம், புஸ்வாணம், பாம்பு மாத்திரை எல்லாம் அழியாத பெயர்கள். ஃபேன்சி ரகங்களுக்கு அப்படி நிலையான பெயர் இல்லை. அந்த வருஷம் குழந்தைகள் வாயில் எந்தப் பெயர் புழங்குகிறதோ அதுவே பெட்டியின் மேல் ஏறும். ‘பாகுபலி’ ஓடிய காலத்தில் பாகுபலி, கார்ட்டூன் சேனல் காலத்தில் கார்ட்டூன். எந்த வருஷம் எது பிரபலம் என்று பார்க்கப் பழைய பட்டாசு விலைப்பட்டியலைப் புரட்டினால் போதும்.

2005-ல் ஊரின் பெயரே படமானது. அந்த வருஷத்தை விஜய் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். பொங்கலுக்கு ‘திருப்பாச்சி’, சித்திரைப் புத்தாண்டுக்கு ‘சச்சின்’, தீபாவளிக்கு ‘சிவகாசி’. காலண்டரின் மூன்று பெரிய நாட்களையும் ஒரே நடிகர் எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெயர்களையே தலைப்பாக வைப்பதில் பிடிவாதக்காரரான பேரரசு இயக்கிய ‘சிவகாசி’யில் நாயகனின் பெயர்தான் சிவகாசி, பட்டாசுத் தொழிலின் கதை அதில் கிடையாது. ஆனாலும் தலைப்பு வெடித்தது.

தீபாவளியைப் பாடிய பாட்டுகளில் நின்றவை தீபாவளிக்கு வந்த படங்களிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ 1959 ஏப்ரலில் வந்தது. அதில் மத்தாப்பு வெளிச்சத்தில் பி. சுசீலா பாடும் பாட்டு இல்லாமல் வானொலித் தீபாவளி விடிந்ததில்லை. 1985-ன் ‘பூவே பூச்சூடவா’வில் நதியாவுக்காகச் சித்ரா பாடிய பட்டாசுப் பாட்டு அடுத்த தலைமுறையின் சொத்து.

இதையெல்லாம் செய்து அனுப்பியவர்களின் தீபாவளி எப்படி இருக்கும்? சரக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்து, ஆலை பூட்டி, ஊர் மூச்சு விடும் நாள் அது. தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் ஒரு மாதம் வரை மூடிக்கிடப்பது வழக்கம். கையில் போனஸ் மிச்சமும் நேரமும் சேர்ந்து இருப்பது வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான். மற்ற ஊர்களில் தீபாவளிப் படம் முதல் நாள் முதல் காட்சிக்குத் துடிக்கும். இங்கே குடும்பத்தோடு இரண்டாவது வாரம் பார்த்தாலும் அது தீபாவளிப் படம்தான். பக்கத்து விருதுநகரில் செகண்ட் ஷோ முடிந்தவர்களுக்கு எண்ணெய் புரோட்டா ஒன்று போதும், பண்டிகை நிறைவாகிவிடும்.

மார்கழி, தை: ஆண்டாளும் ஆங்கிலப் புத்தாண்டும்

மார்கழி இந்த விருதுநகர் மாவட்டத்துக்குச் சொந்த மாதம். திருப்பாவை பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கேதான் இருக்கிறது. ‘திருமால் பெருமை’யில் சிவாஜி பெரியாழ்வாராக வந்தார். கௌதம் மேனன் 2008-ல் சூர்யாவை வைத்து எடுத்த ‘வாரணம் ஆயிரம்’ தலைப்பைக் கொடுத்தவர் ஆண்டாள். பல்லவர், பாண்டியர் காலத்துப் பெண் ஒருத்தி சொன்ன சொல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டில் அச்சாவது சாதாரண விஷயமா!

டிசம்பர் 31 நள்ளிரவுக்கு ஒரே பாட்டு. ‘சகலகலா வல்லவன்’ 1982 ஆகஸ்ட்டில் வெளிவந்த படம். அதில் கமல் ஆட, எஸ்.பி.பி. பாடிய புத்தாண்டுப் பாட்டு நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஜனவரி ஒன்றைத் தொடங்கிவைக்கிறது. மறுநாள் காலையில் கடைக்குக் கடை காலண்டர் கொடுக்கிறார்கள். ரசிகர் மன்றங்கள் தங்கள் நாயகனின் படம் போட்ட காலண்டரை அடித்து வீடு வீடாகக் கொடுத்த காலத்தில், அடுப்படிச் சுவரில் முருகனுக்குப் பக்கத்து ஆணியில் எம்.ஜி.ஆர். தொங்கினார். அந்தக் காலண்டரில் அச்சாகாத சில பண்டிகைகளும் உண்டு: ஜனவரி 17 எம்.ஜி.ஆர்., மே 1 அஜித், ஜூன் 22 விஜய், அக்டோபர் 1 சிவாஜி, நவம்பர் 7 கமல், டிசம்பர் 12 ரஜினி. அன்றைக்கும் வெடி வெடிக்கும்.

பொங்கலுக்குப் பட்டாசு குறைவு, படம் அதிகம். எம்.ஜி.ஆரின் ‘மாட்டுக்கார வேலன்’ 1970 பொங்கலுக்கு வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அமையாது. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யின் பொங்கல் பாட்டைக் கேட்டு உற்சாகமாகப் போனவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். படம் கலங்கடித்தாலும் பாட்டு மட்டும் ஒவ்வொரு தைக்கும் திரும்பி வருகிறது. வீட்டில் இருந்தவர்களுக்குத் தொலைக்காட்சியில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம். பண்டிகைக் காலையில் மதுரைத் தமிழைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தவர் அவர்.

பங்குனி, சித்திரை: ஊரின் சொந்தப் பண்டிகை

பிறருக்குப் பண்டிகை செய்து கொடுக்கும் ஊர், தனக்கென்று வைத்துக்கொண்ட நாட்கள் வெயில் காலத்தில் இருக்கின்றன. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல். சிவகாசியில் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். வெளியூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வருவார்கள். தீபாவளிக்கு வராதவர்களும் பங்குனிப் பொங்கலுக்கு வந்துவிடுவார்கள். அக்னிச்சட்டி, தேர், பொருட்காட்சி, ராட்டினம், அப்புறம் தியேட்டர்.

சித்திரை ஒன்றாம் தேதிக்கும் சினிமாவில் தனி மரியாதை. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியதும் வீட்டுக்குள்ளேயே பண்டிகைப் படம் வந்துவிட்டது. 2005-ல் அதே நாளில் ‘சந்திரமுகி’ வந்தது. 2004 சித்திரையில் வந்த ‘கில்லி’ இருபது வருஷம் கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, முதல்முறை வந்த சமயத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பழைய படமே பண்டிகையாகிவிட்டது.

இந்த மண்ணின் வெயிலையும் சினிமாப் பைத்தியத்தையும் சேர்த்துச் சொன்ன படம் ஒன்று உண்டு. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-ல் எடுத்த ‘வெயில்’. படம் பார்க்கப் போய் அப்பாவிடம் அடிபட்டு வீட்டை விட்டு ஓடும் சிறுவன் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராகிறான். தியேட்டரே அவனுக்கு வீடு, பண்டிகை எல்லாம். தேசிய விருது பெற்று, கான் திரைப்பட விழா வரை போன படம் அது.

தேர்தல் என்னும் திருவிழா

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் பண்டிகையையும் விட்டுவிட முடியாது. போஸ்டரும் கொடியும் அச்சாகும் ஊர் ஆயிற்றே! 1967-ல் சினிமா வளர்த்த கட்சி ஆட்சியைப் பிடித்தபோது, விருதுநகரின் பிள்ளையான காமராஜர் சொந்த ஊரிலேயே பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1977-ல் எம்.ஜி.ஆர். முதல்வரானது இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை தொகுதியில் ஜெயித்துத்தான். 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் நடிகை ராதிகாவும், விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரனும் நின்றார்கள். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சினிமாவுக்குக் கைதட்டி ஓட்டும் போடலாம், கைதட்டிவிட்டு ஓட்டை வேறு பக்கமும் போடலாம் என்று இந்த வட்டாரம் இரண்டு விதமாகவும் செய்து காட்டியிருக்கிறது.

ஒரு நாளை நம்பிய வாழ்வு

கொண்டாட்டத்தின் மறுபக்கத்தையும் ஒரு படம் சொன்னது. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம், தீப்பெட்டித் தொழிலில் பிஞ்சுக் கைகள் படும் பாட்டை உலகுக்குக் காட்டியது. 1996-ல் உச்ச நீதிமன்றமும் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் கடுமையான தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். விபத்துகள் மட்டும் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து சுமார் நாற்பது உயிர்களைக் கொண்டுபோனது. தீபாவளி நெருங்க நெருங்க உற்பத்தி அவசரம் கூடும். அவசரம் கூடினால் மருந்து அறையில் ஆபத்தும் கூடும்.

2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்றது. பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என இரண்டே மணி நேரம். ஒரு வருஷ உழைப்பு இரண்டு மணி நேரத்துக்குள் வெடித்து முடிய வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் மழை பெய்துவிட்டால்?

ஒரே நாளை நம்பும் இந்தச் சிக்கலை சினிமா எப்போதோ புரிந்துகொண்டது. ‘ஜெயிலர்’, ‘கூலி’ இரண்டும் சுதந்திர தின வாரத்தையொட்டி ஆகஸ்ட்டில் வந்தன. ‘லியோ’வும் ‘வேட்டையன்’னும் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தன. 2020-ல் ‘மூக்குத்தி அம்மன்’ தீபாவளியன்று நேராகக் கைப்பேசிக்கே வந்தாள். 2025 தீபாவளியில் ரஜினியும் விஜய்யும் இல்லை. ‘பைசன்’, ‘டியூட்’ என்று இளையவர்களின் படங்கள் ஓடின. அச்சகமும் பிழைக்கத் தெரிந்தது: கோடையில் நோட்டுப் புத்தகம், ஆடிக்கு மேல் காலண்டர், டைரி, முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை. பட்டாசு மட்டும்தான் இன்னும் ஐப்பசி அமாவாசையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒரு நாளை நம்பித் தொழில் நடத்தினால் நஷ்டமும் அவசரமும் விபத்தும் முதலில் போய் விழுவது கூலிக்காரர் தலையில். ஆலை பூட்டிய மாதத்துக்கும் ஊதியம், வருஷம் முழுக்கச் சீரான உற்பத்தி, கோயில் திருவிழாவுக்கும் புத்தாண்டுக்கும் ஏற்ற ஒலி குறைந்த ரகங்கள் ஆகிய மூன்றையும் முதலாளிகளும் அரசும் சேர்ந்து செய்தால் கொண்டாட்டம் கெடாது, கையும் கருகாது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பட்டாசு வாங்கும்போது உரிமம் பெற்ற ஆலையின் பெயரும் பசுமைப் பட்டாசு முத்திரையும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். தியேட்டர் வாசலில் வெடி வேண்டாம். 2023 தீபாவளியன்று மகாராஷ்டிரத்தின் மாலேகானில் தியேட்டருக்குள்ளேயே ரசிகர்கள் பட்டாசு கொளுத்தியதை நாடே பார்த்தது. உங்கள் நாயகனுக்குக் கைதட்டல் போதும்!